காப்பி நாற்றின் வேரில் ஒரு நல்ல பூஞ்சை: உரம் மாதிரி ஊற்றினால் பிழைக்காது

மார்ச் மாதம் பினாங்கின் பாலிக் புலாவிலிருந்து ஒரு பெரியவர் என் நாற்றுப் பண்ணைக்கு வந்தார். இரண்டு ஏக்கரில் டுரியானும் ஜாதிக்காயும் வைத்திருக்கிறார். மரங்களுக்கு நடுவே லிபேரிக்கா காப்பி நட ஆசை. நான் நிழல்வலைக்கு அடியில் உட்கார்ந்து, முளைத்த காப்பியைப் பொலிபேக்கில் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குழியிலும் இரண்டு தேக்கரண்டி மண் மாதிரி ஒன்றைப் போட்டு, அதன்மேல் வேர் படும்படி நாற்றை வைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அது என்ன தம்பி, உரமா?"

"இல்லைங்க ஐயா, பூஞ்சை."

அவர் முகமே மாறிவிட்டது. "பூஞ்சைய நீயே அள்ளி வேர்ல போடுறியா? அதனால எத்தனை கித்தா மரம் செத்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். என் அப்பாவும் தோட்டத்துக்காரர்தான். கித்தா என்று நாம் சொல்லும் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் வெள்ளை வேர் நோய் தெரிந்திருக்கும். வேரின்மேல் வெள்ளை நூலாகப் படரும். அடிமரத்தில் ஆரஞ்சு நிறத்தில் தட்டுத் தட்டாகக் காளான் வெளியே வரும்போது மரம் ஏற்கெனவே போயிருக்கும். அதைத் தடுக்கக் கால்வாய் வெட்டி, குழியில் கந்தகம் போட்ட கைகள் அந்தப் பெரியவருடையவை. பூஞ்சை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் பயந்ததில் தப்பே இல்லை.

இந்த வேலையில் 15 ஆண்டுகளாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் அந்தப் பெரியவரைப் போல் பயப்படுகிறவர்கள் குறைவு. இணையத்தில் பாக்கெட் வாங்கி, பூச்சட்டியில் உரம் போடுவது மாதிரி தூவிவிட்டு, "ஒன்றும் நடக்கவில்லையே" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மைக்கோரைசா பூஞ்சை ஓர் உயிர். உயிருள்ள வேர் இல்லாமல் அது வளரவே வளராது. அது செத்துப்போன பிறகு பாக்கெட் விலை எத்தனை வெள்ளியாக இருந்தாலும் அது வெறும் களிமண் தூள்தான்.

மைக்கோரைசா என்றால் வேர்ப்பூஞ்சை. ஜெர்மானியர் ஃபிராங்க் 1885-இல் வைத்த பெயர் இது. தமிழ்நாட்டு வேளாண் ஏடுகளில் வேர் உட்பூசணம் என்று எழுதுவார்கள். இதில் பல வகை உண்டு. காப்பிக்கு வேண்டியது வேரின் உயிரணுவுக்குள்ளேயே புகுந்து, அங்கே குட்டி மரம் மாதிரி கிளை பிரியும் வகை. வெள்ளை வேர் நோயும் பூஞ்சைதான், இதுவும் பூஞ்சைதான். ஆனால் இரண்டுக்கும் உறவு வெகு தூரம். வெள்ளை வேர் கட்டையை அழுக வைத்துத் தின்னும். இதற்கோ கட்டையை உடைத்துத் தின்னும் திறனே கிடையாது. இலையில் செடி சமைக்கும் சர்க்கரையில் 4 முதல் 20 விழுக்காடு வரை இதற்குப் போகிறது. கொழுப்பைக்கூட இது சொந்தமாகத் தயாரிப்பதில்லை, செடியிடமிருந்தே வாங்குகிறது என்று 2017-இல் வந்த ஆய்வுகள் காட்டின. அதனால் செடி சாவதில் இதற்கு ஒரு லாபமும் இல்லை.

பதிலுக்கு என்ன தருகிறது? முக்கியமாக பாஸ்பரஸ். கூடவே துத்தநாகம், செம்பு, வறட்சியில் கொஞ்சம் தண்ணீர்.

இதற்கு நம் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பினாங்கு மலைச்சரிவின் மஞ்சளும் சிவப்புமான மண், வெயிலிலும் மழையிலும் கரைந்து பழுத்த மண். புளிப்பு அதிகம், அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவு 4-க்கும் 5-க்கும் இடையில் நிற்கும். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் நாம் போடும் பாஸ்பரஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸ் மண்ணில் நகர்வதே அரிது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரண்டு மில்லிமீட்டரில் இருப்பதைத் தின்று முடித்துவிடும், அப்புறம் பக்கத்திலேயே இருந்தாலும் எட்டாது. பூஞ்சை இழையோ நம் தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது. வேர் நுழைய முடியாத மண் இடுக்கில் நுழைந்து, பல சென்டிமீட்டர் தள்ளிப்போய் எடுத்து வரும். மூன்று மாத நாற்றுக்கு வேரே கைப்பிடி அளவுதான். அந்த வயதில் யாராவது எட்டிக் கொடுத்தால் அது பெரிய உதவி.

காப்பிக்கும் பூஞ்சைக்கும் நம் மக்களுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1869-இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் ஒரு பூஞ்சைதான். அங்கே பயிரான அராபிக்கா காப்பி அதைத் தாங்கவில்லை; இலங்கை தேயிலைக்கு மாறியது. தாழ்நிலத்தில் வளரும் லிபேரிக்கா மலாயாவுக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். 1890களின் கடைசியில் காப்பி விலை விழுந்து ரப்பர் வரும்வரை, இங்கே காப்பித் தோட்டங்களில் வேலை பார்க்கக் கப்பலேறி வந்த தமிழர்கள் இருந்தார்கள். நம்மில் சிலருடைய பாட்டன்மார்கள் கித்தா மரத்தைப் பார்ப்பதற்கு முன்பே காப்பிச் செடியைப் பார்த்தவர்கள். ஜோகூரில் இன்றும் பயிராவது பெரும்பாலும் லிபேரிக்கா. ஒட்டுக்கடையில் நாம் குடிக்கும் கோப்பி ஓ-வில் அதற்கும் பங்கு உண்டு. அப்போது காப்பியைக் கெடுத்த பூஞ்சையைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். வேரில் குடியிருந்து காப்பாற்றும் பூஞ்சையைப் பற்றிப் பேச ஆளில்லை. 1897-இலேயே ஜான்சே என்ற ஆய்வாளர் ஜாவாவின் செடிகளை வேரோடு பிடுங்கிப் பார்த்து, இந்தப் பூஞ்சைகள் எத்தனை பரவலாக உள்ளே குடியிருக்கின்றன என்று எழுதி வைத்தார். அந்த ஜாவா நமக்குப் பக்கத்து வீடு.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஆரம்பத்தில் நானும் தப்பாகத்தான் செய்தேன். முதல் தடவை வாங்கிய பாக்கெட்டைத் தண்ணீரில் கலக்கி, 200 நாற்றுகளுக்கு மேலாக ஊற்றினேன். அதே வாரம் பச்சை உரம் போட்டேன். கடையில் பாஜா ஹிஜாவ் என்று கேட்டு வாங்குவோமே, அந்த 15:15:15. அடுத்த வாரம் சில நாற்றுகள் கழுத்தில் கறுத்துச் சாய்ந்தன. நாற்றழுகல் என்று பயந்து கார்பெண்டாசிம் மருந்தை மண்ணிலேயே ஊற்றிவிட்டேன். நாலு மாதம் கழித்து வேரைச் சோதித்தபோது உள்ளே பூஞ்சையின் அடையாளமே இல்லை.

இப்போது யோசித்தால் நான் செய்த மூன்றும் அதற்கு எதிரானவை. மேலே ஊற்றினால் வேருக்குப் பக்கத்தில் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். பாஸ்பரஸ் தாராளமாகக் கிடைத்தால் செடி பூஞ்சையை உள்ளே விடாது. கையில் காசு இருக்கும்போது யார் கடன் வாங்குவார்கள்? கார்பெண்டாசிம், பெனோமில் வகை மருந்துகளோ இந்தப் பூஞ்சையையே அடக்குபவை. ஆராய்ச்சிக் கூடங்களில் மைக்கோரைசா இல்லாத செடி வேண்டும் என்றால் பெனோமிலைத்தான் ஊற்றுவார்கள். அந்தச் செய்தியைப் பிறகு படித்தபோது என் 200 நாற்றும் கண்முன் வந்து நின்றன.

இரண்டாவது தடவை நானே பூஞ்சையைப் பெருக்க நினைத்தேன். ஏதாவது செடியின் வேரில் வளர்த்து, அந்த மண்ணையும் வேரையும் நறுக்கி விதைப்பொருளாக வைத்துக்கொள்வதுதான் முறை. சட்டியில் சீக்கிரம் வளர்வது எது என்று பார்த்து சாவிக் கீரையைப் போட்டேன். தளதளவென்று வந்தது. வேரில் ஒன்றுமே இல்லை. சாவியும் முட்டைக்கோசும் கடுகுக் குடும்பம். அந்தக் குடும்பம் இந்தப் பூஞ்சையைச் சேர்த்துக்கொள்வதில்லை. முளைக்கீரை வகைகளும் பெரும்பாலும் அப்படித்தான். மக்காச்சோளமோ வெங்காயமோ போட்டிருக்க வேண்டும். இப்போது எப்போதும் மக்காச்சோளம்தான். மூன்று நாலு மாதம் வளர விட்டு, தலையை வெட்டி, தண்ணீரை நிறுத்திவிடுவேன். மண் காய்ந்ததும் பூஞ்சை வித்துகளைக் கட்டிக்கொள்ளும். பிறகு வேரை நறுக்கி மண்ணோடு கலந்து நிழலில் உலர்த்துவேன்.

அந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்து நுண்சல்லடையில் வடித்தால், சல்லடையில் தங்குவதை ஒரு கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்க்கலாம். சிறிய ஜவ்வரிசி போல, தேன் நிறத்தில், மஞ்சளில், சில வெள்ளையில், உருண்டை உருண்டையாகக் கிடக்கும். பெரியவை வெறும் கண்ணுக்கே ஒரு புள்ளியாகத் தெரியும். பூஞ்சை வித்து என்றால் பொடி, தூசு என்றுதான் நாம் நினைக்கிறோம். இவை பூஞ்சை உலகின் ராட்சச வித்துகள்.

வேருக்குள் குடியேறியதா என்று பார்ப்பதற்கு ஒரு வழி 1998-இல் வெளிவந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்த முறை. மெல்லிய வேர்களை எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி உள்ளே இருப்பதைக் கரைத்து வெளுக்க வைக்க வேண்டும். பிறகு சாயம். அந்தச் சாயம் என்னவென்றால், சமையலறைக் காடியில் பேனா மையை நூற்றுக்கு ஐந்து பங்கு கலந்ததுதான். காப்பி வேர் இயல்பிலேயே கறுத்துப் போகும் வேர். அதனால் இளசாக, வெளிறிய நுனிகளைத் தேடி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடும் போட்டு வெளுக்க வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தோலைப் பொசுக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல், வீட்டு அடுப்பில் யாரும் செய்ய வேண்டாம். பள்ளி அறிவியல் கூடத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் செய்யலாம். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

நுண்ணோக்கியில் அந்த வேரை வைத்தால் செங்கல் அடுக்கியது மாதிரி உயிரணு வரிசை வெளிறித் தெரியும். அவற்றின் இடையே நீல நூல் ஒன்று நேராக ஓடும். நூலில் அங்கங்கே பலூன் ஊதியது போல நீல உருண்டைகள்: பூஞ்சை கொழுப்பைச் சேமித்து வைக்கும் பைகள். இன்னும் பெரிதாக்கிப் பார்த்தால், ஓர் உயிரணுவுக்குள் மட்டும் மேகம் மாதிரி ஏதோ அடைந்திருக்கும். நுண்ணோக்கியின் குவியத்தை மெதுவாகத் திருப்பினால் மேகம் கிளையாகப் பிரியும், கிளை மறுபடி கிளையாகும். கொடுக்கல் வாங்கல் எல்லாம் நடக்கும் இடம் அது. ஓரிரு வாரத்தில் அந்தக் குட்டி மரம் கரைந்துவிடும், பக்கத்து அணுவில் புதிதாக ஒன்று எழும். காப்பி வேரில் அதை முதல் தடவை பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது பண்ணையில் நான் செய்வதைச் சொல்கிறேன். நாற்றுப் படுக்கையில் மைக்கோரைசா போடுவதில்லை. அங்கே டிரைக்கோடெர்மா. அது வேறு ரகப் பூஞ்சை. வேர் இல்லாமலே மக்கிய எருவிலும் சோற்றிலும்கூட வளரும், நாற்றழுகல் கிருமிகளை மடக்கும். நல்ல மக்கிய எருவில் கலந்து, விதைப்பதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே படுக்கையில் சேர்த்துவிடுவேன். அதைப் போட்டுவிட்டு, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் கழுத்தழுகலுக்கு மருந்து ஊற்றும் தேவை பாதிக்கு மேல் குறைந்துவிடும். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து, "நான்தான் டிரைக்கோடெர்மா போட்டேனே, மைக்கோரைசா எதற்கு" என்று கேட்கிறவர்கள் நிறைய. ஒன்று காவல்காரன், ஒன்று சுமை தூக்குகிறவன்.

லிபேரிக்கா விதை முளைத்து வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். விதைத்தோலைத் தொப்பி மாதிரி தலையில் மாட்டிக்கொண்டு நிற்கும்போதோ, இரண்டு வித்திலையும் விரிந்த உடனேயோ பைக்கு மாற்றுவேன். மைக்கோரைசாவுக்கு அதுதான் நேரம். நடுவில் விரலால் குழி, அதன் அடியிலும் பக்கத்திலும் சுமார் 10 கிராம் விதைப்பொருள், வேர் அதில் நேராகப் படவேண்டும். வேர் மடங்கினால் நிமிர்த்தி வைக்க வேண்டும். மடங்கிய ஆணிவேரை எந்தப் பூஞ்சையும் காப்பாற்றாது. வேரைத் தாக்கும் நூற்புழு உள்ள நிலத்துக்குப் போகிற நாற்றென்றால் இந்த நேரம் இன்னும் முக்கியம். பூஞ்சை முதலில் குடியேறிய வேர் நூற்புழுவை ஓரளவு தாங்கும். நூற்புழு முந்திவிட்டால் அந்தப் பலன் குறைந்துபோகும்.

பை மண் கலவையில்தான் பலர் சறுக்குகிறார்கள். மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு எரு, ஒரு பங்கு மணல் என்ற 3:2:1 கணக்கு இங்கே எல்லாருக்கும் மனப்பாடம். கணக்கு சரிதான், அந்த இரண்டு பங்கும் கோழி எருவாகப் போனால் பாஸ்பரஸ் கொட்டிக் கிடக்கும். நான் கோழி எருவைக் குறைத்து, மக்கிய இலையையும் மாட்டெருவையும் சேர்க்கிறேன். பாஸ்பரஸுக்குக் கிறிஸ்மஸ் தீவுப் பாறை பாஸ்பேட் கொஞ்சம். புளிப்பு மண்ணில் அது மெதுவாகக் கரையும், கரைய கரைய இழைகள் எடுத்துக்கொள்ளும். நைட்ரஜனும் பொட்டாசியமும் வேண்டிய அளவு கொடுக்கலாம், அதனால் கெடுதல் இல்லை. நிழலும் அதிகம் வேண்டாம். பாதி வெயில் கிடைக்கட்டும். செடி சர்க்கரை சமைத்தால்தானே பூஞ்சைக்குச் சோறு.

முதல் இரண்டு மாதம் வித்தியாசம் ஒன்றும் தெரியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சில சமயம் பூஞ்சை போட்ட நாற்று கொஞ்சம் பின்தங்கிக்கூட நிற்கும், ஏனென்றால் அது சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. மனம் தளர்ந்து பச்சை உரத்தை அள்ளிப் போடுகிறவர்கள் அந்த இடத்தில்தான் எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பாக்கெட் வாங்குகிறவர்களுக்கு: பின்பக்கத்தைப் படியுங்கள். ரைசோஃபேகஸ், குளோமஸ், ஃபன்னெலிஃபார்மிஸ், அக்காலோஸ்போரா, ஜிகாஸ்போரா என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் காப்பிக்கு ஆகும். பிசோலித்தஸ், ரைசோபோகன், ஸ்க்ளெரோடெர்மா மட்டும் இருந்தால் அது பைன் போன்ற மரங்களுக்கான ரகம். வேரின் வெளியே உறை மாதிரி படர்வது, காப்பியில் ஒட்டவே ஒட்டாது. தயாரித்த தேதியும் ஒரு கிராமில் எத்தனை வித்து என்பதும் போட்டிருக்க வேண்டும். வெயில் அடிக்கும் கடை வாசலில் அடுக்கி வைத்த பாக்கெட்டை நான் தொடமாட்டேன். இதில் யாரையும் குறை சொல்லவில்லை. உயிருள்ள சரக்கை உயிருள்ள சரக்காக வைத்து விற்கும் கடையைத் தேடுங்கள் என்கிறேன்.

காட்டு மண்ணை வெட்டி வந்தால் போதாதா என்று கேட்பார்கள். வேண்டாம். காட்டைத் தோண்டுவது தப்பு என்பது ஒரு பக்கம். நம் காட்டின் பெரிய மரங்களான மெராந்தி வகைகளின் வேரில் இருப்பது அந்த வெளியுறை ரகம்தான். காப்பிக்கு அது உதவாது. உங்கள் தோப்பிலேயே நன்றாகக் காய்க்கும் பழைய டுரியான், ஜாதிக்காய், காப்பி மரத்தடியின் மெல்லிய வேரோடு கூடிய மேல்மண் இருந்தால், அதை மக்காச்சோளச் சட்டியில் போட்டுப் பெருக்குங்கள். பழைய கித்தா நிலத்து மண் மட்டும் கூடாது. வெள்ளை வேர் அங்கே கட்டைகளில் பதுங்கியிருக்கும். அந்தப் பெரியவர் பயந்தது அதற்குத்தான், அந்தப் பயம் சரி.

ஏற்கெனவே நல்ல மக்கு நிறைந்த, மருந்து அடிக்காத தோப்பு மண்ணில் நாற்று வளர்த்தால், சொந்தப் பூஞ்சைகளே போதுமான அளவு இருக்கலாம். காசு கொடுத்து வாங்கியது கூடுதலாக ஒன்றும் செய்யாமல் போகலாம். தேங்காய் நார்க் கழிவில் வளர்ப்பவர்கள், மண்ணை வேகவைத்துப் பயன்படுத்துபவர்கள், மலையை வெட்டிய அடிமண்ணில் நடப்போகிறவர்கள் ஆகியோருக்குத்தான் பலன் கண்ணுக்குத் தெரியும். அதனால் எப்போதும் சில பைகளைப் பூஞ்சை போடாமல் விட்டு வையுங்கள். பக்கத்தில் ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால், நல்லா வந்தது எதனால் என்று உங்களுக்கே தெரியாது.

பெரியவர் அக்டோபரில் மழை பிடித்ததும் நாற்று எடுக்க வந்தார். ஒரு பையைக் கிழித்து, மண்ணை உதறிக் காட்டினேன். பூஞ்சை போட்ட வேரில் மண் உதறினாலும் விழாமல் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. போடாத நாற்றின் மண் பொலபொலவென்று கொட்டியது. என் கைக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். மணல் துகள்களுக்கு நடுவே மின்னும் இழைகளைக் கண்டுபிடித்து, "இது வெள்ளை வேர் மாதிரி கயிறா திரியலையே" என்றார். அவருக்குத் தெரியாததா?

40 நாற்று எடுத்துக்கொண்டார். அதில் ஐந்து பூஞ்சை போடாதவை, அவரே கேட்டு வாங்கியது. சிவப்பு ராஃபியா கயிறு கட்டி அடையாளம் வைத்திருக்கிறார். எல்லாம் இப்போது ஜாதிக்காய் நிழலில் நிற்கின்றன. ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் சிவப்புக் கயிறு கட்டியவை எப்படி நிற்கின்றன என்று பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் அதற்குள் மூன்று முறை ஃபோன் செய்துவிட்டார்.